பழைய குடியிருப்புகளின் பெரிய மரங்கள்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாறு காந்தி நகர், மயிலாப்பூர், தியாகராய நகர், அண்ணா நகர் போன்ற பகுதிகளில் அரை நூற்றாண்டைத் தாண்டிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. தெருவில் தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை (குல்மோகர்), பெருங்கொன்றை. வீட்டுச் சுவருக்குள் வேம்பு, மா, தென்னை. கன்று வளர்ப்பது பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். வளர்ந்து முடிந்த மரத்தை எப்படிக் காப்பது என்பதுதான் சரியாகச் சொல்லப்படுவதில்லை. கீழே உள்ளவை அந்த மரங்களைப் பற்றியவை.

கிளை கழிக்கச் சரியான காலம் எது?

சென்னைக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புயல்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வரும். ஆகஸ்டுக்குள் வேலை முடிந்தால் வெட்டுக்காயத்தின் ஓரத்தில் புதுப்பட்டை உருள ஒன்றிரண்டு மாதம் கிடைக்கும். மழை தொடங்கிய பிறகு அவசரமாக வெட்டும்போது ஈரக் காயத்தில் பூஞ்சை எளிதாக நுழைகிறது. ஏறுபவருக்கும் வழுக்கும்.

மார்ச் முதல் மே வரை பெரிய அளவில் கழிக்காதீர்கள். நிழலிலேயே இருந்து பழகிய உள்கிளைகளின் பட்டை திடீர் வெயிலில் வெடித்துவிடும். மாமரத்தில் இது மிகுதி. காய்ந்த கிளையை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம்.

ஏறுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். பொந்தில் கிளியோ ஆந்தையோ குஞ்சு வைத்திருந்தால் சில வாரம் தள்ளிப்போடலாம், மரத்துக்கு எதுவும் ஆகாது.

புயலுக்குப் பயந்து மொட்டை அடித்துவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. அந்த ஒரு வருடம் மரம் காற்றைத் தாங்கும். அதன் பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது.

இலை முழுவதையும் இழந்த மரம் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துப் புதுத் துளிர்களை விடுகிறது. அவை வெட்டுமுனையின் பட்டைக்கு அடியிலிருந்து கொத்தாகக் கிளம்புபவை. இயல்பான கிளை, தண்டு பருக்கப் பருக்க ஆண்டுதோறும் அதோடு பின்னி வளர்ந்திருக்கும். இவை மேலே ஒட்டவைத்ததுபோல நிற்கும். மூன்று நான்கு வருடத்தில் கை தடிமனுக்கு வந்து, உயரமும் பாரமும் கூடிவிடும். அடியில் வெட்டுமுனை அதற்குள் அழுகத் தொடங்கியிருக்கும். அடுத்த புயலில் முறிந்து கார்மேல் விழுவது பெரும்பாலும் இந்தக் கிளைகள்தான். மேலே இலை இல்லாதபோது வேருக்கும் உணவு போகாது, அதனால் நுனிவேர்கள் சாகும். மொட்டை அடித்த மரம் இப்படி மேலேயும் கீழேயும் ஒருசேரப் பலவீனமாகிறது.

காற்றுப் பாரத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. நீண்டு தொங்கும் கிளைகளின் நுனியைச் சற்றுக் குறைக்க வேண்டும். எங்கே வெட்டுகிறோமோ அங்கே ஒரு பக்கக்கிளை இருக்க வேண்டும். அதன் தடிமன் வெட்டும் கிளையில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் அது நுனியின் வேலையை ஏற்றுக்கொள்ளும். ஒரே முறையில் மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரம் என்றால் 10 முதல் 15 சதவீதம் போதும்.

உள்ளே இருக்கும் சிறுகிளைகளை எல்லாம் சீவி, நுனியில் மட்டும் குடைபோல இலையை விட்டுவைப்பதும் தவறு. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பாரமெல்லாம் நுனிக்குப் போய்விடுவதால் கிளை நடுவில் ஒடியும்.

பெரிய கிளையை எப்படி அறுக்க வேண்டும்?

மூன்று வெட்டாக. முதல் வெட்டு, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது வெட்டு, அதற்கு ஓரிரு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து கீழ். கிளை விழும்போது பட்டை உரிந்துகொண்டு தண்டு வரை வராமல் முதல் வெட்டு தடுத்துவிடும். பாரம் போன பிறகு மிஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது வெட்டின் இடம்தான் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை சுருங்கி, வளையம்போல் சற்று வீங்கியிருக்கும். அதைக் கழுத்து என்போம். காயத்தை மூடுவதும் அழுகலைத் தடுப்பதும் இந்தக் கழுத்துத் திசுதான். வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். தண்டோடு மட்டமாக வழித்து அறுத்தால் கழுத்தே போய்விடும், காயமும் பெரிதாகும். அரை அடிக் கட்டையை விட்டுவைத்தால் அது காய்ந்து, அழுகல் உள்ளே போக வழியாகும். இரண்டையும் நம் தெருக்களில் தினமும் பார்க்கலாம்.

வெட்டுமுகம் 5 செ.மீ.க்குள் இருந்தால் நல்ல மரம் அதை விரைவில் மூடிவிடும். 10 செ.மீ. தாண்டினால் வயதான மரத்தில் உள்ளே ஓரளவு அழுகல் நிச்சயம் என்று எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். பத்து சிறு வெட்டுகள் ஒரு பெரிய வெட்டைவிட மேல்.

வீட்டுக்கு மேல் நீண்ட கிளையை ஒரேயடியாக விழவிடக் கூடாது. மேல்கிளையில் கப்பியும் கயிறும் கட்டி, மூன்று நான்கடித் துண்டுகளாக இறக்க வேண்டும்.

வெட்டிய இடத்தில் சாணி, தார், பெயின்ட் பூசலாமா?

வேண்டாம். விலங்கின் தோல்போல மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி, அதன்மேல் புது மரத்தை வளர்க்கிறது. இதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக்குவாக்கில் பிளந்து பார்த்து விளக்கினார். பூசும் எதுவும் அந்தச் சுவருக்கு உதவுவதில்லை. தாரும் எனாமலும் அடியில் ஈரத்தைத் தேக்கி அழுகலுக்குத்தான் துணைபோகின்றன. சுத்தமான, கூரான ரம்பத்தால் சரியான இடத்தில் அறுத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

தண்டில் அடிக்கும் சுண்ணாம்பு வேறு விஷயம். அதனால் கெடுதல் இல்லை, கரையானையும் அது நிறுத்தாது.

தண்டில் பொந்து இருக்கிறது. சிமென்ட் போட்டு அடைக்கலாமா?

கூடாது. காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது. உள்சுவரை அது தேய்த்துப் புண்ணாக்கும். இடையில் நீரும் தேங்கும். பொந்தில் நிற்கும் தண்ணீரை வடிக்கத் துளையிடுவதும் கெடுதல்தான். துளை அந்தத் தடுப்புச் சுவரை உடைத்துவிடுவதால் அழுகல் நல்ல மரத்துக்குள் பரவுகிறது. தளர்ந்து கிடக்கும் மக்கலைக் கையால் எடுக்கலாம், அதற்குமேல் சுரண்டக் கூடாது.

பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. குழாய்போல, வெளிச்சுவர் போதிய தடிமன் இருந்தால் நிற்கும். தண்டின் ஆரத்தில் சுமார் 30 சதவீதமாவது நல்ல மரம் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. 60 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் இது 9 செ.மீ. பொந்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தாலோ விரிசல் சேர்ந்திருந்தாலோ இந்த அளவை நம்ப முடியாது. மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிப் பார்த்தால் உட்குழிவு எதுவரை என்று ஓரளவு தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால், மெல்லிய ஊசியைச் செலுத்தியோ ஒலி அலையை அனுப்பியோ அளக்கும் கருவி உள்ளவர்களை அழையுங்கள்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே ஆளை அழைக்க வேண்டும்?

மரம் சாய்ந்திருப்பது மட்டும் அறிகுறி ஆகாது. பல வருடமாகச் சாய்ந்த மரத்தின் நுனி நிமிர்ந்து மேல் நோக்கி வளைந்திருக்கும். அடிமுதல் நுனிவரை நேராக, புதிதாகச் சாய்ந்திருந்தால், அதோடு சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ மேடிட்டோ இருந்தால், அந்த நிழலில் யாரும் நிற்கக் கூடாது. அன்றே நடவடிக்கை வேண்டும்.

அடுத்தது அடித்தண்டில் அல்லது வேரில் காளான். விசிறிபோல, மரக்கட்டைபோலக் கெட்டியாக, செம்பழுப்பு நிறத்தில் முளைப்பது பெரும்பாலும் கேனோடெர்மா. அதைப் பிடுங்கி எறிவதால் எதுவும் மாறாது. வெளியே அது தெரியும்போதே உள்ளே வேர் அழுகல் முற்றியிருக்கலாம்.

இரண்டு சமமான தண்டுகள் வி வடிவில் இறுக்கமாகப் பிரியும் கவட்டையைக் கவனியுங்கள். நடுவில் பட்டை உள்ளே மடிந்து சிக்கியிருந்தால் மரத்தோடு மரம் சேர்ந்திருக்காது. மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் அங்கேதான் பிளக்கின்றன. ஒரு பக்கத்து நுனியைக் குறைத்துப் பாரத்தை இறக்கலாம். தேவைப்பட்டால் தெரிந்தவரைக்கொண்டு மேலே இரண்டு தண்டையும் வடத்தால் பிணைக்கலாம். கம்பியைத் தண்டைச் சுற்றிக் கட்டாதீர்கள், பட்டையை இறுக்கிக் கொன்றுவிடும்.

வர்தா புயலில் அவ்வளவு மரங்கள் விழுந்ததற்கு என்ன காரணம்?

2016 டிசம்பர் 12 அன்று வீசிய அந்தப் புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. வெளிநாட்டு மரங்கள் என்பதால் விழுந்தன என்று பலரும் சொல்வது பாதி உண்மை. மடகாஸ்கரின் மயிற்கொன்றையும் அமெரிக்க வெப்பமண்டலத்தின் தூங்குமூஞ்சியும் எளிதில் முறியும், அகலப் படர்வதால் காற்றையும் நிறைய வாங்கும். மீதிப் பாதி நம் கையால் ஆனது. மழைநீர் வடிகாலுக்கும் மின்கேபிளுக்கும் குழாய்க்கும் தண்டை ஒட்டிப் பள்ளம் தோண்டி, ஒரு பக்கத்து வேரை முழுவதுமாக நறுக்கிவிடுகிறோம். மறுபக்கம் சிமென்ட். காற்று வீசும் பக்கத்து வேர்தான் கயிறுபோல மரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அந்தக் கயிறு அறுந்திருந்தால் எந்த நாட்டு மரமாக இருந்தாலும் சாயும்.

ஆணிவேர் ஆழமாகப் போய் மரத்தைத் தாங்குகிறது என்று நம்புகிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு அடிக்குள் கிடக்கிறது. கிளைவிரிவைத் தாண்டியும் பக்கவாட்டில் ஓடுகிறது.

எவ்வளவு தூரத்தில் தோண்டலாம் என்பதற்கு நாடா ஒன்று போதும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தண்டின் சுற்றளவை அளங்கள். அந்தச் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் கடப்பாரையே படக் கூடாது. பட்டால் மரம் நிற்பதே சந்தேகம். சுற்றளவைப் போல நான்கு மடங்கு தூரம் வரை வேர்க்காப்புப் பகுதி. இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள வேம்புக்கு 2 மீட்டர், 8 மீட்டர். அந்தப் பகுதிக்குள் குழாய் போயே ஆக வேண்டும் என்றால் பொக்லைனை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டச் சொல்லுங்கள். கட்டைவிரலைவிடப் பருத்த வேர்களை விட்டுவிட்டு அவற்றின் அடியில் குழாயை நுழைக்க வேண்டும். வெட்ட நேர்ந்த வேரை ரம்பத்தால் நேராக அறுத்து, ஈரச்சாக்கு போர்த்தி, அன்றைக்கே மண் மூடுங்கள். பொக்லைன் பிய்த்தெறிந்த வேர் பல அடி தூரம் உள்ளே பிளந்திருக்கும்.

வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறோம். மரத்தை வைத்துக்கொள்ள ஆசை.

ஆசையை வரைபடத்தில் காட்டுங்கள். அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிய பிறகு பேசிப் பயனில்லை. வேர்க்காப்புப் பகுதியைத் தகரத்தால் அடைத்து, கட்டடம் முடியும்வரை திறக்காதீர்கள். உள்ளே மணல், செங்கல் குவிப்பதும் லாரி நிறுத்துவதும் மண்ணை இறுக்கி வேரை மூச்சுத்திணற வைக்கும். சிமென்ட் கலவை கழுவிய தண்ணீர் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும்.

சென்னையில் மரங்களை அதிகம் கொல்வது மண் நிரப்புவதுதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு மனையை இரண்டு மூன்று அடி உயர்த்தாமல் யாரும் கட்டுவதில்லை. நிரப்பிய மண்ணோ இடிபாடோ பழைய வேருக்குக் காற்றை மறைக்கிறது. புதைந்த அடிப்பட்டை ஈரத்தில் அழுகுகிறது. மரம் உடனே சாகாது. இரண்டு முதல் ஐந்து வருடத்தில் உச்சியிலிருந்து காய்ந்து வரும். அதற்குள் காரணத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். தண்டைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல ஒரு வளையம் கட்டினால் பட்டை தப்பும், வேர் தப்பாது. முடிந்தவரை வேர்க்காப்புப் பகுதி முழுவதையும் பழைய மட்டத்திலேயே விட்டு, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்.

நடைபாதைச் சிமென்ட் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது. உடைக்கலாமா?

உடைக்க வேண்டும், ஆனால் இயந்திரத்தால் அல்ல. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமென்ட் இல்லாமல் இருக்க வேண்டும் என்று 2013-இல் தில்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பெரிய மரத்துக்கு அதுவே குறைவு. உளியும் சுத்தியலும் கொண்டு துண்டு துண்டாக எடுத்து, வேர் தெரிந்ததும் நிறுத்துங்கள். திறந்த இடத்தில் மட்கிய இலையை இரண்டு முதல் நான்கு அங்குலம் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். தெருமரம் என்றால் மாநகராட்சியைக்கொண்டு செய்ய வேண்டும்.

பெரிய மரத்துக்குத் தண்ணீரும் உரமும் வேண்டுமா?

நல்ல மண்ணில் நிற்கும் மரத்துக்கு உரம் வேண்டாம். அதன் கீழே உதிரும் இலையைக் கூட்டிக் குப்பைக்கு அனுப்பாமல் இருந்தாலே போதும். தண்ணீர், ஏப்ரல் மே மாதங்களில் மட்டும், 10 அல்லது 15 நாளுக்கு ஒரு முறை. தண்டின் அடியில் ஊற்றாமல், கிளைவிரிவின் ஓரத்தில் குழாயை மெல்லத் திறந்துவிட்டு ஓர் அடி ஆழம் நனையும்வரை விடுங்கள். தினமும் வாளித் தண்ணீர் தெளிப்பதால் மேல்மண் மட்டுமே நனையும்.

வேப்பமரம் திடீரெனக் கருகிவிட்டது. போய்விட்டதா?

மழைக்காலம் முடிந்து டிசம்பர், ஜனவரியில் நுனிக்கொழுந்துகள் வெந்நீர் ஊற்றியதுபோல் பழுப்பாகக் காய்ந்தால், பெரும்பாலும் தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியின் வேலை. அது குத்திய இடத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலான மரங்கள் கோடை தொடங்கும்போது துளிர்த்துவிடும். ஏப்ரல்வரை பொறுத்திருங்கள். கிளையை நகத்தால் சுரண்டி அடியில் பச்சை இருக்கிறதா என்று பார்த்து, காய்ந்ததை மட்டும் கழியுங்கள். மரத்தை வெட்டச் சொல்லி வருபவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாமரத் தண்டில் துளையும் மரத்தூளும் தெரிகின்றன.

தண்டுத் துளைப்பான் புழு. ஒரு புழு ஒரு பெருங்கிளையைக் கொல்லும். துளையைச் சுத்தம் செய்து, நுனி வளைத்த கம்பியை விட்டுப் புழுவை இழுத்தெடுங்கள். பிறகு ஈரக் களிமண்ணால் அடையுங்கள். சில நாள் கழித்து மறுபடி தூள் விழுந்திருந்தால் இன்னொரு புழு இருக்கிறது.

புல்லுருவி ஒட்டியிருந்தால் அதை மட்டும் பிடுங்குவது வீண், திரும்ப முளைக்கும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு அறுக்க வேண்டும், அதன் காய் பழுத்துப் பறவை கொண்டுபோகும் முன்.

தென்னைக்குத் தனிக் கவனம் எதில்?

பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டாதீர்கள். அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். படிபோலத் தண்டில் கொத்திவைப்பதும் அதே வண்டுக்கு வாசல் திறப்பதுதான்.

விரிந்த மட்டையில் விசிறிபோல் வெட்டு விழுந்திருந்தால் காண்டாமிருக வண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் இடுக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடலாம். பக்கத்தில் சாணக் குவியலோ மக்கிய தென்னைத் தடியோ இருந்தால் வண்டு அங்கேதான் பெருகுகிறது.

அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து, வெளிமட்டைகள் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல் நோய். இதற்கும் காரணம் கேனோடெர்மாதான். தொடக்கத்தில் கண்டால் தண்டைச் சுற்றி 2 மீட்டர் வரை போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியை, ஒரு சதவீதக் கரைசலாக 40 லிட்டர், மண் நனைய ஊற்றலாம். 400 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 20 லிட்டரிலும் 400 கிராம் சுண்ணாம்பை 20 லிட்டரிலும் பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை நனைத்துப் பார்த்துச் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வருடத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் இடுங்கள். முற்றிய மரத்தை எடுத்துவிடுவதே நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்பது?

எந்தக் கிளை, எந்த இடத்தில் வெட்டு, எவ்வளவு தடிமன் என்று முதலில் எழுதி வாங்குங்கள். விறகை எடுத்துக்கொண்டு இலவசமாகச் செய்கிறேன் என்பவர், பருத்த கிளையைத்தான் வெட்டுவார். அவருடைய கூலி அதில்தான் இருக்கிறது. இடுப்புப்பட்டை, கயிறு, ஹெல்மெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஒரு குடும்பத்தின் உயிர் அது. உயிருள்ள மரத்தில் ஆணிக்காலணி போட்டு ஏறுபவரும் வேண்டாம், ஒவ்வொரு அடியும் பட்டையில் ஒரு காயம். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: “வேலை செய்யும்போது அடிபட்டால் காப்பீடு இருக்கிறதா?”

தெருமரமும் மின்கம்பியும்?

தெருமரம் மாநகராட்சியுடையது. கிளை கழிக்க 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணில் பதிவு செய்யுங்கள், மரத்தின் படமும் எடுத்து வையுங்கள். பொது இடத்து மரத்தை அடியோடு அகற்ற மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. கம்பியைத் தொடும் கிளையை நீங்களோ உங்கள் ஆளோ தொடவே கூடாது. ஈரக்கிளை மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏற வேண்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, மரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால்?

எடுப்பதற்கு முன்பே அடுத்த கன்றுக்கு இடம் பாருங்கள். அதே குழியில் நடாதீர்கள். மக்கும் பழைய வேரில் பூஞ்சை இருக்கும், மண்ணும் அமுங்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மூன்றடி அகலக் குழி. கடற்கரைப் பகுதிக்குப் புன்னை, பூவரசு. குறுகிய தெருவுக்கு மகிழம், புங்கை. இடம் தாராளமாக இருந்தால் நாவல். பையில் சுற்றிச் சுருண்டிருக்கும் வேரை நடும்போதே பிரித்துவிட வேண்டும். விட்டால் அதே வேர் இருபது வருடம் கழித்துத் தண்டை நெரிக்கும். தாங்குகோலைத் தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும்.